ஏழு கல் தோடும் பாப்பா அனுப்பிய ஹெட்போனும்

"இன்னா வாத்தியாரே, இத செஞ்சவங்க வூட்ல பொம்பளைங்களே கெடயாதா?"

போன வருஷம் மாசி மாதத்தில் நீ என்னிடம் கேட்ட கேள்வி இது. கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்துகொண்டு, நம் மகள் பாப்பா அனுப்பிய ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தபடி கேட்டாய். நான் சிரித்தேன். கேள்வி கேட்டவரைச் சும்மா விடும் பழக்கம் எனக்கு எப்போதும் இல்லையே. மனிதர்களின் தலை பல அளவில் இருக்கும், அதற்காகத்தான் இந்தப் பட்டையை இழுத்தால் நீள்கிறது, தள்ளினால் குறைகிறது, பெண்களின் தலைக்கும் பொருந்தும்படிதான் யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று கால் மணி நேரம் விளக்கினேன். நீ முழுவதும் கேட்டாய். கடைசியில் "அப்பிடியா" என்றாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இன்று காலை நல்ல வெயில். அந்த ஹெட்போனின் உறைகளைத் துவைக்கலாம் என்று எடுத்தேன். உன் பழைய, மெல்லிய வாயில் துணிப் புடவையைக் கத்தரித்து நானே தைத்துப் போட்ட உறைகள். முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசனை இன்னும் இருந்தது. துவைப்பதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு இடது பக்கத்து உறையை மெல்ல உருவினேன். அடியில் கறுப்புத் தோல் மெத்தை. அதன் கீழ் விளிம்பில் ஒரு பூ இருந்தது. நடுவில் ஒரு குழி, அதைச் சுற்றி ஆறு குழிகள். உன் ஏழு கல் தோடு அழுந்தி அழுந்தி உண்டான தடம். வலது மெத்தையிலும் அதே பூ, கொஞ்சம் மங்கலாக.

அன்றைக்கு நான் சொன்ன பதில் தப்பு. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

சர்க்கரை உன் கண்ணைப் பிடித்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. முதலில் பேப்பரின் சின்ன எழுத்து போனது, பிறகு பெரிய எழுத்தும் போனது. அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை என்று நீ ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. புத்தகம் படிக்க முடியவில்லை என்பதைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை. நான் வாசித்துக் காட்டினால் உனக்குப் பிடிக்காது. "பாடம் நடத்தறா மாதிரியே வாசிக்கறீங்க, கடைசியில கேள்வி கேப்பீங்களோன்னு பயமா கீது" என்பாய்.

பாப்பாவிடம் ஒருநாள் போனில் அந்த நாவலைப் பற்றிச் சொன்னாய். கல்யாணத்துக்கு முன்னால் ஒடுகத்தூர் நூலகத்தில் எடுத்துப் படித்தது. மொத்தம் நான்கு பாகம். மூன்றைப் படித்துவிட்டாய். நான்காவதை யாரோ எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு, நான் வேலை பார்த்த இந்த மலைக்கு வந்துவிட்டாய். அந்த ஆள் யாரென்று தெரிந்தால் இன்றைக்கும் அவன் வீட்டு வாசலில் போய் நிற்பேன் என்று நீ சொன்னபோது பாப்பா அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தது எனக்கே கேட்டது.

அவள் பெங்களூரில் தேடி நான்கு பாகங்களையும் வாங்கிவிட்டாள். சனிக்கிழமைகளில் பீரோவைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு நடுவே போனை வைத்து, எதிரொலி இல்லாமல் வாசித்துப் பதிவு செய்தாள். முதலிலிருந்தே தொடங்கச் சொன்னாய், பாதி மறந்துவிட்டது என்று. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நான்கு அத்தியாயம் வந்து சேரும்.

முதல் வாரம் போனிலேயே சத்தமாக வைத்துக் கேட்டாய். அது சரிப்படவில்லை. பக்கத்து வீட்டு மங்கா வாசலில் புளி அடித்துக்கொண்டிருந்தாள், தடியின் சத்தத்தில் பாதி வார்த்தை போயிற்று. அதோடு உனக்கு இன்னொன்றும் இருந்தது. "எம்பொண்ணு எனக்கு வாசிக்கறா. தெருவே எதுக்குக் கேக்கணும்?" காதுக்குள் செருகும் சின்னது ஒன்றை ஆலங்காயத்தில் வாங்கி வந்தேன். உன் காதுத் துளை சிறியது. நமைச்சல் எடுத்து, தலையைத் திருப்பினால் உருண்டு விழுந்தது. அதைக் கேட்டுத்தான் பாப்பா இந்த ஹெட்போனை அனுப்பினாள். பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் நாள் முழுக்கப் போட்டிருப்பதாம். விலையைக் கடைசிவரை சொல்லவே இல்லை.

முதல் நாள் அதை மாட்டிவிட்டதும் உன் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். நீ கண்ணை மூடிக்கொண்டாய். கையை உயர்த்தி, பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பது போல அந்தக் காற்றைத் தொட்டாய். "மூச்சு விடறதுகூடக் கேக்குதுங்க" என்றாய்.

பதினைந்து நிமிடத்தில் கழற்றி வைத்தாய். வலிக்கிறது என்று சொல்லவில்லை, "அழுத்துது" என்றாய்.

அவ்வளவு போதும் எனக்கு. முப்பத்தாறு வருஷம் அறிவியல் வாத்தியாராக இருந்தவனுக்கு ஓய்வுக்குப் பிறகு ஒரு சோதனை கிடைத்துவிட்டது. பழைய நோட்டு ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் என்ன செய்தேன், மறுபக்கம் என்ன ஆயிற்று என்று எழுதினேன். புதுசு, அதனால் இறுக்கம் என்று அட்லஸ்களை அடுக்கி அதன் மேல் ஹெட்போனை விரித்து இரண்டு நாள் வைத்தேன். இறுக்கம் குறைந்தது. நீ இருபது நிமிடம் கேட்டாய். கண் ஆபரேஷனுக்குப் பிறகு நீ போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியின் காம்பு மெத்தைக்கு அடியில் மாட்டுகிறது என்று கண்டுபிடித்தேன். கண்ணாடியைக் கழற்றினாய். உச்சந்தலையில் பாரம் என்று நினைத்து, பட்டைக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்தேன். கொண்டை பட்டையைப் பின்னாலிருந்து தள்ளுகிறது என்று உன்னைப் பின்னல் போட்டுக்கொள்ளச் சொன்னேன். இந்த வயதில் பின்னலா என்று மங்காவிடம் சொல்லி வெட்கப்பட்டாய், ஆனாலும் போட்டுக்கொண்டாய்.

பங்குனி வந்ததும் தோல் மெத்தை வியர்த்தது. வாயில் உறை தைத்தது அப்போதுதான். தடவிப் பார்த்துவிட்டு, "காதுக்கு ஜாக்கெட் தெச்சிட்டீங்களா? கை வெச்சா, கை வெக்காததா?" என்று கேட்டாய். மங்கா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நானும் பெருமையாக நின்றேன். அந்த உறையைப் போட்டு, எதைப் பார்த்திருக்க வேண்டுமோ அதை என் கையாலேயே மூடினேன்.

ஒருமுறை மட்டும் நீ "இந்தப் பக்கந்தான்" என்று தலையை இடப்பக்கம் சாய்த்தாய். உடனே எனக்கு ஒரு யோசனை. இடப்பக்கத்துக் கிண்ணம் கோணலாக இருக்குமோ என்று ஹெட்போனை முன்பின்னாகத் திருப்பி மாட்டினேன். இப்போது எந்தப் பக்கம் என்றேன். "இதே பக்கந்தான்" என்றாய். நோட்டில் அதையும் எழுதியிருக்கிறேன். இப்போதும் இருக்கிறது: 'திருப்பி மாட்டியும் இடது பக்கமே.'

ஒரு கருவியைத் திருப்பி வைத்தும் குறை அதே பக்கம் நின்றால், குறை கருவியில் இல்லை. ஏழாம் வகுப்பில் தராசுத் தட்டை மாற்றிப்போட்டு எத்தனை பிள்ளைகளுக்கு இதைக் காட்டியிருப்பேன். அந்த நோட்டை ஒரு மாணவன் கொண்டுவந்திருந்தால், அடுத்த வரியில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டிருப்பேன். நான் எழுதிய அடுத்த வரி, 'போகப் போகப் பழகிவிடும்.'

உன்னிடமும் அதைத்தான் சொன்னேன். புதுச் செருப்பைப் போல, பழகிடும் என்றேன். நீ "ம்" என்றாய்.

ஆனி மாதம் பாப்பா என்னிடம் தனியாகப் பேசினாள். மூன்றாம் பாகம் முடிந்து நான்காம் பாகம் தொடங்கியிருந்தது. அம்மா எதுவரை கேட்டிருக்கிறாள் என்று கேட்டாள். நான் உள்ளதைச் சொன்னேன், "அம்மா பத்து பாஞ்சி நிமிஷம் கேட்டுட்டுக் கழட்டி வெச்சிட்றாம்மா." அவள் "போரடிக்குதாப்பா?" என்று கேட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் இல்லை என்றும் உறுதியாகச் சொல்லவில்லை. வயதாயிற்று, உட்கார முடியவில்லை, இப்படி எதையோ சொல்லிப் போனை வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதுவும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஆபீசில் வேலை அதிகம் என்றாள். கேட்கட்டுமா என்று உன்னிடம் கேட்டேன். "வேணாங்க. பாவம், வேலைக்குப் போறவ. எனக்காக எத்தினி நாளு வாசிப்பா" என்றாய். தன் வாசிப்பு அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று அவள் நினைத்தாள். வாசித்து அவளுக்கு அலுத்துவிட்டது என்று நீ நினைத்தாய். இரண்டு பேருக்கும் நடுவில் நான் இருந்தேன். என் கவனமெல்லாம் பட்டை எத்தனை அங்குலம் நீள வேண்டும் என்பதில் இருந்தது.

நீ பழைய அத்தியாயங்களையே திரும்பக் கேட்டாய். பொத்தான் விரலுக்குத் தெரிய வேண்டும் என்று நான் ஒட்டிய பிளாஸ்திரித் துண்டைத் தடவித் தடவி, அதை நீயே இயக்கிக்கொண்டாய். பத்து நிமிடம் கேட்பாய், கழற்றுவாய், காதின் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொள்வாய், மறுபடி மாட்டுவாய். இதை நான் தினமும் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆவணியில், காலைக் காப்பிக்கு எழுப்ப வந்தபோது நீ இல்லை. நான்காம் பாகத்தில் எட்டு அத்தியாயம் பாக்கி இருந்தது.

பாப்பா மத்தியானத்துக்குள் வந்துவிட்டாள். குளிப்பாட்டுவதற்கு முன் நகைகளை எடுக்க வேண்டும் என்றார்கள். வளையல் வந்தது. தோடு வரவில்லை. திருகாணி இறுகிப் போயிருந்தது. கல்யாணத்துக்குப் போட்டது, அதற்கப்புறம் ஒரே ஒரு முறைதான் அதைத் தொட்டது நினைவிருக்கிறது. இடது திருகாணி தேய்ந்து தொலைந்துபோக, தாலிக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நீ ஆசாரி கடையில் உட்கார்ந்தாய். அளவில் கிடைக்கவில்லை என்று அவர் கொஞ்சம் நீளமான ஒன்றை மாட்டி அனுப்பினார்.

பாப்பா பஞ்சில் எண்ணெய் தொட்டு, உன் தலையைத் தன் மடியில் திருப்பி வைத்துக்கொண்டு, மெதுவாகத் திருகினாள். தோடு கையில் வந்தது. காதைக் குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இங்க பாருங்க."

இடது காது மடலுக்குப் பின்னால், எலும்பின் கீழே உள்ள பள்ளத்தில், ஒரு மிளகு அளவுக்குத் தோல் காய்த்துக் கறுத்திருந்தது. நடுவில் புண் ஆறிய தழும்பு. அந்த நீளத் திருகாணியின் முனை குத்தும் இடம். பாப்பா அதை விரலால் தொட்டாள். பிறகு ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த ஹெட்போனைத் திரும்பிப் பார்த்தாள்.

"போரடிக்கலப்பா" என்றாள். அழுதுகொண்டே அதையே மூன்று நான்கு முறை சொன்னாள். "அம்மாவுக்குப் போரடிக்கலப்பா."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, மங்கா பாத்திரங்களைத் துலக்கி வைத்துவிட்டு வாசலில் நின்றாள். போகத் தயங்கினாள். என்னம்மா என்றேன். பாப்பா காட்டியதை அவளும் பார்த்திருந்தாள். "எனக்குத் தெரியும் சார்" என்றாள். "தோட்ட கழட்டி வெச்சிட்டு அத மாட்டிக்கோக்கா, நா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். அதுக்கு அக்கா, சார் கல்லு மாதிரி கீறாரு, நா எதுக்குத் தோட்ட கழட்டணும்னு கேட்டுச்சி. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொல்லிச்சி."

ஏன் என்னிடம் சொல்லக் கூடாது என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. உனக்கும் நினைவிருக்கும். கண் ஆபரேஷனுக்கு வேலூர் போயிருந்தோம். நகைகளைக் கழற்றச் சொன்னார்கள். வளையலைக் கழற்றினாய், தோட்டைக் கழற்ற மாட்டேன் என்றாய். நர்ஸ் நல்ல மாதிரி, பரவாயில்லை என்று தோட்டின் மேல் பிளாஸ்திரி ஒட்டினார். எனக்குத்தான் மானம் போயிற்று. நடைபாதையில், நாலு பேர் நடுவில், "எஞ்ஜீவன் உன் தோட்டுல கீதா?" என்று கேட்டேன். படித்தவன் பெண்டாட்டி மாதிரியா நடந்துகொள்கிறாய் என்றும் சொன்னேன். கையை நீட்டினாய், நான் பிடித்து அழைத்துப் போனேன். அந்தப் பேச்சை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

நீ மறக்கவில்லை. தோடு குத்துகிறது என்று சொன்னால் நான் கழற்று என்பேன். நீ மாட்டேன் என்பாய். நான் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பேன். அதற்குப் பதில் வலியை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறாய். ஆனாலும் ஒரு முறை, சிரிப்பாகச் சொல்வது போல, கேட்டுப் பார்த்தாய். இதைச் செய்தவர்கள் வீட்டில் பெண்களே கிடையாதா என்று. தோடு போட்ட காது ஒன்றைக்கூட அவர்கள் பார்த்ததில்லையா என்பதுதான் அந்தக் கேள்வி. அவர்களைக் கேட்டதாக நான் நினைத்தேன். உங்கள் வீட்டில் தோடு போட்ட காது ஒன்று இருக்கிறதே, அதை நீங்களாவது பார்த்தீர்களா என்று என்னைத்தான் கேட்டிருக்கிறாய்.

அழுத்தம் என்ற பாடத்தை வருஷம் தவறாமல் நடத்தினேன். ஒரு பென்சிலை இரண்டு கையின் ஆள்காட்டி விரல்களுக்கும் நடுவே வைத்து அழுத்தச் சொல்வேன். இரண்டு பக்கமும் ஒரே விசைதான். மொண்ணைப் பக்கம் சும்மா இருக்கும், கூர்ப்பக்கம் வலிக்கும். ஏன் என்று கேட்டால் மலைப் பிள்ளைகள் சட்டென்று சொல்வார்கள், "முனை சின்னது சார்." அந்த மெத்தையின் அகலத்தில் பரவ வேண்டிய விசை எல்லாம் ஒரு திருகாணி முனையில் போய் நின்றிருக்கிறது. அட்லஸ் மேல் விரித்து வைத்ததும், கைக்குட்டை மடித்ததும், புடவை கிழித்ததும் எதற்கு? ஒரு விரலை உன் காதுக்குப் பின்னால் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். நாற்பத்தொரு வருஷம் உடன் இருந்தவனுக்கு அந்த உரிமை இல்லாமலா போயிற்று? தோன்றவில்லை, அவ்வளவுதான்.

உன் தோடு பாப்பாவிடம் இருக்கிறது. இடது திருகாணியை ஆசாரியிடம் கொடுத்து அளவுக்கு வெட்டிக்கொண்டாள். இரண்டு நிமிட வேலை என்று அவர் சொன்னாராம். கழற்றவும் மாட்டவும் அவள் யோசிப்பதில்லை, குளிக்கும்போது சோப்புப் பெட்டியில் வைக்கிறாள். நீ பார்த்தால் திட்டுவாய்.

மீதி எட்டு அத்தியாயத்தையும் அவள் வாசித்து அனுப்பினாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வாரம் ஒன்றாக வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, உன் கட்டிலில் உன் பக்கம் சாய்ந்துகொண்டு கேட்டேன். நடுவில் ஓரிடத்தில் அவள் குரல் கம்மி நின்றுபோகிறது. பீரோவில் ஹேங்கர் உரசும் சத்தம் மட்டும் கேட்கிறது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே படிக்கிறாள். அந்த இடத்தை அவள் நீக்கவில்லை. நீ சொன்னது சரி, மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது.

நாவலின் முடிவைச் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரிய வேண்டும். அந்தப் பெண் ஊருக்குத் திரும்பவில்லை. கடிதம் மட்டும் எழுதுகிறாள். அதைப் படிக்க வேண்டியவர் படித்தாரா என்று நாவலாசிரியர் சொல்லவே இல்லை. உனக்குப் பிடித்திருக்காது. இதுக்கா இத்தினி வருஷம் காத்துகினு இருந்தேன் என்று சண்டைக்கு வந்திருப்பாய்.

கடைசி அத்தியாயம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. முழுவதும் ஒரே உட்காரலில் கேட்டேன். கழற்றிய பிறகு காதைத் தடவிப் பார்த்தேன். என் காதில் தோடு இல்லை. எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை. இவ்வளவு நன்றாகப் பொருந்துகிற பொருளை நான் என் வாழ்நாளில் போட்டதில்லை. அந்தப் பொருத்தத்தைத்தான் இப்போது தினமும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

உறைகளைத் துவைக்கவில்லை. மறுபடி மாட்டவும் இல்லை, தனியாக மடித்து வைத்துவிட்டேன். அந்தப் பூ வெளியே தெரியட்டும்.

இது உனக்கு எழுதியது. ஆனால் வேறு யார் கையிலாவது இது கிடைத்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், வாத்தியார் புத்தி போகாது. உங்கள் வீட்டில் யாராவது ஒன்றை மாட்டிக்கொண்டு, சீக்கிரமே கழற்றி வைத்தால், அந்தப் பொருளைக் கையில் எடுக்காதீர்கள். எங்கே உறுத்துகிறது என்று கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் உங்கள் விரலை வைத்துப் பாருங்கள்.